தாது வருஷத்து ஒத்திச் சீட்டு

சோழவந்தான் பக்கத்தில் வைகைப் பாசனத்து ஊர் ஒன்றைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். இப்போது மதுரை டவுனுக்குள் குடியிருக்கிறார்கள். அரசு வேலையில் ஓய்வு பெற்ற மூத்தவர், வம்சாவளி தேடிக் கொடுக்கும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்க பாட்டனுக்குப் பாட்டன் தாது வருஷப் பஞ்சத்துல நிலத்தை ஒத்தி வச்சிட்டுக் கண்டிச்சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனாரு தம்பி. திரும்பி வரவே இல்ல. என்ன ஆனாருன்னு பார்த்துச் சொல்லுங்க."

குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயர், ஆள் பெயர், பத்திர எண் எதையும் இங்கே எழுதவில்லை. ஆனால் பெயர்களின் அமைப்பைச் சொல்லாமல் இந்த விவகாரம் புரியாது. தலைமகனுக்குத் தாத்தா பெயர் என்பது நம் பக்கத்து வழக்கம். இந்தக் குடும்பத்தில் அதைக் கறாராகப் பின்பற்றியிருக்கிறார்கள். அதனால் மூத்த ஆண்வாரிசுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இரண்டே பெயர்கள். முதலெழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: மு., வெ. என்னிடம் வந்தவர் வெ.மு. அவருடைய அப்பா மு.வெ. தாத்தா மறுபடி வெ.மு. இப்படியே மேலே போகும். பட்டப்பெயரோ குடும்பப் பெயரோ கிடையாது.

அவர்கள் கையில் இருந்த ஆதாரம் ஒரு பழைய நீளக் கணக்கு நோட்டு. 1895 வாக்கில் பிறந்த தாத்தா, 1930களில் நடந்த ஒரு பாகப்பிரிவினைக்காக வீட்டிலிருந்த ஓலைகளையும் பத்திரங்களையும் பார்த்து அதில் நகல் எழுதியிருக்கிறார். மூல ஓலைகள் இப்போது இல்லை. முதல் பக்கத்தில் இருப்பது ஒத்திச் சீட்டு. வெ. மகன் மு., களத்துமேட்டுச் செய் என்ற நஞ்சையை ஒத்தி வைத்துத் தொகை பற்றிக்கொண்டதாக எழுதிக் கொடுத்தது. தாது௵ (வருஷம்) தை௴ (மாதம்) என்று போட்டு, நாளும் கிழமையும் எழுதியிருக்கிறது. கிழமை குருவாரம்.

தாது என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் பஞ்சம்தான் நினைவுக்கு வரும். 1876-ல் பருவமழை பொய்த்து 1878 வரை நீண்ட பஞ்சம் அது. சென்னை மாகாணத்தில் அப்போது செத்தவர்கள் லட்சக்கணக்கில். அதனால் குடும்பத்துக்குச் சந்தேகமே வரவில்லை. பஞ்சம், ஒத்தி, கண்டி மூன்றும் ஒரே ஆளின் கதையாகிவிட்டது. எனக்கு இடறிய இடம் தொகை. நோட்டில் "வராகன் ௨௰௫" என்று இருந்தது. நடுவில் இருக்கும் ௰ பத்தைக் குறிக்கும் தமிழ் எழுத்து, அதாவது 25. வீட்டில் யாரோ அதைப் பூஜ்யம் என்று நினைத்துப் பக்கத்திலேயே பென்சிலில் 205 என்று குறித்து, 'ரூ.' என்றும் சேர்த்திருந்தார்கள். அந்தப் பென்சில் 'ரூ.'தான் இத்தனை வருஷமாக வராகனை மறைத்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1818-ல் வெள்ளி ரூபாய் அதிகாரபூர்வ நாணயமானது. அதுவரைக்கும் வராகன், பணம், காசுக் கணக்குதான். பழைய நாணயம் அப்புறமும் கொஞ்ச காலம் ஊர்ப்பக்கம் ஓடியிருக்கும். அறுபது வருஷம் கழித்து, 1877 தை மாதத்தில், ஒருவர் 25 வராகனுக்கு ஒத்தி எழுதியிருப்பாரா?

தமிழ் வருஷம் அறுபதும் சுற்றிச் சுற்றி வருவது. 1876-77 தாது என்றால் 1816-17-உம் தாது, 1936-37-உம் தாது. ஆக அந்தத் தை மாதம் 1817-ஆகவும் இருக்கலாம், 1877-ஆகவும் இருக்கலாம், தாத்தா நோட்டு எழுதிக்கொண்டிருந்த 1937-ஆகவும் கூட இருக்கலாம். இதில்தான் நம் ஊர் வம்சாவளித் தேடலின் பெரிய குழி இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிறோம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே ஐம்பது அறுபது வருஷம். வருஷப் பெயரும் அறுபதாண்டில் திரும்பி வருகிறது. அப்படியானால் "தாது வருஷம், வெ. மகன் மு." என்ற ஒரே வரி தாத்தாவுக்கும் பொருந்தும், அவர் பேரனுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். அப்பா பெயரைப் பார்த்து ஆளைப் பிரிக்கலாம் என்ற வழியும் அடைபட்டுப் போகிறது. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஓலைகளைப் பார்ப்பவர்கள் தமிழ் வருஷத்தைக் கண்டதும் பிரபலமான வருஷத்தோடு ஒட்டிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாது அதில் முதலிடம்.

மூல ஓலையோ முத்திரைத் தாளோ இருந்திருந்தால் வேலை சுலபம். 1877 பத்திரம் என்றால் ராணி முத்திரை இருக்கும். நகலில் அதெல்லாம் போய்விட்டது. ஆனால் தாத்தா கவனமான மனிதர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறார். குருவாரத்தை வியாழக்கிழமை என்று மாற்றக்கூட இல்லை. அந்தக் கிழமைதான் முடிச்சை அவிழ்த்தது.

கணக்கு இதுதான். நம் சூரிய மாதக் கணக்கில் அறுபது வருஷம் என்பது 21,915 நாளும் சொச்சமும். அதை ஏழால் வகுத்தால் மீதி ஐந்து நாளுக்கும் ஆறு நாளுக்கும் இடையே வரும். ஆகவே ஒரு தாது வருஷத்தில் தை மாதத்து ஒரு தேதி வியாழன் என்றால், அடுத்த தாதுவில் அதே தேதி செவ்வாயாகவோ புதனாகவோதான் இருக்கும். வியாழனாக இருக்கவே முடியாது. 120 வருஷம் தள்ளினால் திங்களிலோ செவ்வாயிலோ விழும். அதனால் தேதியும் கிழமையும் சேர்ந்து எழுதியிருந்தால் எந்தச் சுற்று என்பது தீர்ந்த விஷயம். பஞ்சாங்கத் தேதியை ஆங்கிலத் தேதியோடு பொருத்தும் அட்டவணைகளை எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1911-லேயே வெளியிட்டுவிட்டார். இப்போது கணினியிலும் போட்டுப் பார்க்கலாம். நோட்டில் இருந்த தேதிக்கு 1817-ல் வியாழக்கிழமை. 1877-ல் புதன். 1937-ல் திங்கள்.

ஆக ஒத்தி எழுதியவர் தாது வருஷப் பஞ்சத்துக்காரர் இல்லை. மதுரையில் ரவுஸ் பீட்டர் கலெக்டராக இருந்த காலத்து மனிதர். கண்டிக்குப் போனதாகச் சொல்லப்படுபவரின் தாத்தா. பெயரும் ஒன்று, அப்பா பெயரும் ஒன்று.

குடும்பத்துக்கு ஒரே அடியில் இரண்டு தலைமுறை கூடிவிட்டது. பெரியவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. இப்போது 1876-ல் வாழ்ந்த வெ.மு.வுக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வெளிநாட்டு வம்சாவளித் தேடலைப் படித்துவிட்டு வருபவர்கள் முதலில் கேட்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1871-லும் 1881-லும் இங்கே எடுத்தார்கள். ஊர்வாரி, சாதிவாரித் தொகைகள் அச்சாயின. வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய தாள்களை இங்கிலாந்தில் போலக் காத்து வைக்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு என்று போனால், மதுரை நகராட்சியே 1866-ல் வந்தது; கிராமங்களுக்கும் சேர்த்து மாகாணச் சட்டம் வந்தது 1899-ல். அதற்கு முன் ஊர்க் கணக்குப்பிள்ளை எழுதிவைத்த ஏடுகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1980-ல் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழித்தபோது அப்படிப்பட்ட கட்டுகள் எத்தனையோ பரணிலேயே நின்றுபோயின. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் புத்தகம் கைகொடுத்திருக்கும். இவர்கள் இல்லை.

மிச்சம் இருப்பது நிலம். மதுரைப் பக்கத்துக் குடியானவன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தில் அகப்படுவது பெரும்பாலும் நிலத்தின் வழியாகத்தான். பத்திரப் பதிவு 1865-லிருந்து இங்கே நடக்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலப் பத்திரங்களைக் கட்டாயம் பதிய வேண்டும். பதிந்தால் முழு வாசகமும் ரிஜிஸ்தர் ஆபீஸ் புத்தகத்தில் நகலாகிவிடும். நூறுக்குக் கீழே இருந்தவை பெரும்பாலும் வீட்டோடு போச்சு. ஏழையைத் தேடுவது கஷ்டம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர்வாரி அட்டவணையில் தேடினால், அந்த வட்டாரத்தில் அதே இரண்டு பெயர் வரிசையாக வருகிறது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிற பங்காளிகள் அத்தனை பேரும் அந்தச் சாமியின் பெயரைத்தானே வைப்பார்கள்? எனவே பெயரை விட்டுவிட்டு நான்கெல்லையைப் பிடித்தேன். 1817 ஒத்திச் சீட்டில் களத்துமேட்டுச் செய்க்கு எல்லை சொல்லியிருந்தது: வடக்கே வாய்க்கால், கிழக்கே பெருமாள் கோயில் மானியம், மற்ற இரண்டு பக்கமும் தனியார் நிலம். தனியார் நிலம் கை மாறும், பாகம் பிரியும், பெயர் மாறும். கோயில் மானியம் அசையாது.

இந்த இடத்தில் இனாம் பதிவேடு உதவியது. 1858-ல் டெய்லர் தலைமையில் ஏற்பட்ட இனாம் கமிஷன், மாகாணம் முழுக்க மானிய நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவு செய்தது. நம் குடும்பத்தாருக்கு இனாம் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து வயலான கோயில் மானியத்துக்கு அதில் ஒரு வரி உண்டு. நிலத்தின் பெயரும் பழைய எண்ணும் அதில் இருக்கின்றன. மதுரை ஜில்லாவில் 1880களில் நடந்த செட்டில்மெண்ட் (நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயித்த வேலை) பதிவேட்டைத் திறந்தால் பைமாஷ் எனும் பழைய நில அளவை எண்ணும் புதிய சர்வே எண்ணும் பக்கம் பக்கமாக வரும். கோயில் நிலத்தின் சர்வே எண் கிடைத்ததும் கிராம வரைபடத்தில் அதற்கு மேற்கே, வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கும் எண் எது என்று பார்க்க வேண்டியதுதான். அதுதான் களத்துமேட்டுச் செய். சொந்த நிலத்தைத் தேட அண்டை நிலத்தைப் பிடிப்பது சுற்று வழி மாதிரித் தோன்றும். என் அனுபவத்தில் அதுதான் குறுக்கு வழி. ஊரில் யாரையும் கேட்காமல் நேரே பட்டா எண்ணிலிருந்து பின்னோக்கிப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் வேலையில் உட்பிரிவுகள் புரண்டு கிடக்கின்றன. அந்த வழியில் போய் நடுவில் சிக்கிக்கொண்டவர்கள் நிறைய.

செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே பட்டாதார் மு. என்று இருந்தது. "அப்படின்னா அவரு போகவே இல்லையா?" என்று பெரியவர் உடனே கேட்டார். பதிவேட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இறந்தவர் பெயரிலேயே பட்டா ஓடுவது இன்றைக்கும் நடக்கிறது. அந்த மு., 1817 தாத்தாவாகவே இருக்கலாம். பட்டா, தீர்வையை யார் தலையில் கட்டினார்கள் என்று சொல்லும். அந்தத் தலை உயிரோடு இருந்ததா என்று சொல்லாது.

தேடலைத் திருப்பியது ஆவணம் இல்லை, ஒரு கறிப்பங்கு. பங்காளிகள் எல்லோரும் மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடுவார்கள். மறுநாள் கிடா வெட்டிக் கறியைத் தலைக்கட்டுக்கு ஒரு பங்காகக் கூறு போடுவார்கள். பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க கரையில (கரை என்பது பங்காளிகளுக்குள் ஒரு பிரிவு) கண்டிக்காரர் பங்குன்னு ஒண்ணு தனியா வைப்பாங்க. அது அவருக்குத்தான். வாங்க ஆள் இல்லாததால ஏலம் விட்டுப் பணத்தைக் கோயிலுக்குக் கட்டிடுவோம்." உங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். "உண்டே, அது தனி." யோசித்துப் பாருங்கள். கண்டிக்குப் போனவர் இவருடைய நேர்ப் பாட்டனுக்குப் பாட்டன் என்றால், அவருடைய பங்குதான் வாரிசு வழியாக இவருக்கு வந்திருக்க வேண்டும். தனியாக இன்னொரு பங்கு எதற்கு? இருக்கிறது என்றால், போனவர் வேறு ஒரு கிளை. அந்தக் கிளைக்கு ஊரில் வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கறி கூறு போடுகிற இடத்தில் ஊர் கணக்குத் தப்பாது. வாய்க்கதையைவிட அந்தக் கூறையே நான் நம்பினேன்.

அப்புறம் அட்டவணையில் தேட வேண்டியது மு.வின் தம்பியை, அல்லது தம்பியின் பேரில் வந்த யாரையாவது என்று ஆயிற்று. கிடைத்தது ஒரு விடுதலைப் பத்திரம். சர்வதாரி வருஷம், ஆங்கிலத்திலும் 1888 என்று தேதி போட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். அவளுடைய புருஷன் தாது வருஷத்தில் தேசாந்திரம் போய்ப் பன்னிரண்டு வருஷமாகத் தகவல் தெரியவில்லை என்றும், ஆண் சந்ததி இல்லை என்றும், அதனால் குடும்ப நிலத்தில் தனக்கிருக்கும் ஜீவனாம்ச பாத்தியத்தைப் புருஷனின் தமையனார் வெ. மகன் மு.வுக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வருஷத்துக்கு இத்தனை கலம் நெல்லும் சேலையும் பெற்றுக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறது. சொத்து விவரத்தில் களத்துமேட்டுச் செய், அதன் சர்வே எண், கிழக்கே பெருமாள் கோயில் மானியம். வாங்கிக்கொண்ட மு. கீழே கையெழுத்துக்குப் பதில் கைக்கீறல் போட்டிருக்கிறார்.

ஆக 1888-ல் மு. உயிரோடு ஊரில்தான் இருக்கிறார். போனவர் அவருடைய தம்பி.

இந்தப் பத்திரம் ஏன் அந்த நேரத்தில் எழுதப்பட்டது என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். செட்டில்மெண்ட் நடந்து சர்வே எண்ணும் தீர்வையும் புதிதாக வந்திருந்த சமயம். பாத்தியதையைத் தெளிவாக்கிக்கொள்ள ஊரெல்லாம் பத்திரம் எழுதினார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவும் இருந்தது. அந்தப் பெண் தன்னை விதவை என்று எழுதவில்லை. இன்னாருடைய சம்சாரம் என்றே எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறமும். இந்த வம்சாவளியில் எழுத்தில் கிடைத்த முதல் பெண் பெயர் அவளுடையது. புருஷன் காணாமல் போயிருக்காவிட்டால் அவள் பெயரும் எங்கும் ஏறியிருக்காது. பழைய பத்திரங்களில் பெண்கள் தென்படுவது பெரும்பாலும் இப்படி, பக்கத்து ஆண் இல்லாமல் போன பிறகுதான்.

தம்பி என்ன ஆனார்? இங்கே போன திசையைப் பொறுத்துத்தான் எல்லாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிருந்தால் சுலபமாகக் கண்டுபிடித்திருக்கலாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் போய் நின்றது முதல் 1911 வரை அங்கே போன 1,52,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளுக்குத் தலைக்கு ஒரு எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் பட்டியல் இருக்கிறது. கதை எந்தச் சீமையையும் கண்டி என்று சொல்லியிருக்கக்கூடும் என்பதால் பஞ்ச காலத்து நேட்டால் கப்பல் பட்டியல்களையும் பார்த்தேன். பொருந்தும் ஆள் இல்லை.

இலங்கைக்குப் போக ஒப்பந்தக் காகிதம் கிடையாது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவான். அப்போது பாம்பன் பாலமும் இல்லை. ராமநாதபுரம் சீமை வழியாகக் கடற்கரைக்கு நடந்து, தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழி. பாதையிலேயே காலராவில் விழுந்தவர்கள் ஏராளம். இறங்கினவர்களை ஆண், பெண், குழந்தை என்று எண்ணினார்கள், பெயர் எழுதவில்லை. குடும்பம் சொல்கிற தேயிலையும் அந்தக் காலத்துக்கு ஒட்டாது. 1869-லேயே காப்பியில் இலை நோய் கண்டுவிட்டது என்றாலும் 1876-ல் மலைநாட்டில் காப்பித் தோட்டம்தான் பெரிது. தேயிலை மேலோங்கியது 1880களில். அவர் பிழைத்துப் போய்ச் சேர்ந்திருந்தால் காப்பிப் பழம் பறித்திருப்பார்.

எனவே நிலவரம் இப்படி எழுதப்பட்டது. 1817-ல் ஒத்தி வைத்த வெ.மு. ஒருவர். அவருடைய பேரன், பஞ்சத்தில் ஊரிலேயே தாக்குப்பிடித்து 1888-ல் கீறல் போட்ட வெ.மு. இன்னொருவர், பெரியவரின் நேர்ப் பாட்டனுக்குப் பாட்டன் இவர்தான். அவருடைய தம்பி, 1876-77-ல் ஊரைவிட்டுப் போனவர், மூன்றாமவர். மூன்று பேரையும் கலந்து ஒருவராக்கியது அநேகமாக 1930களில் நோட்டு எழுதிய காலமாக இருக்கும். அப்போதும் தாது வருஷம் வந்ததால் பழைய பேச்சு மறுபடி கிளம்பியிருக்கும். இது மட்டும் என் ஊகம், அறிக்கையிலும் ஊகம் என்றே குறித்திருக்கிறேன். 1817 வெ.மு.வின் அப்பா வெ. என்பது பெயர் மட்டும். அவரைப் பற்றி வேறு எதுவும் கிடைக்கவில்லை.

பெரியவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "நேர்ப் பாட்டன் இல்லையா, சின்னப் பாட்டனா?" என்று கேட்டார். பிறகு அவரே, "சரி, அவருக்கு அங்க பிள்ளைகுட்டி இருந்திருந்தா?" என்றார். நியாயமான கேள்வி, தேடுவதற்கு வழியும் இருக்கிறது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆயிற்று. அப்படித் திரும்பியவர்கள் நீலகிரியில், கொடைக்கானல் மலையில், மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மறந்தவர்களும் குலசாமி பெயரை மறப்பது அபூர்வம். ஆகவே ஆள் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டாம், குலசாமி பெயரையும் எந்தக் கரை என்பதையும் சொல்லி விசாரியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கூடலூர்ப் பக்கத்தில் இவர்களுக்குச் சம்பந்தி வீடு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவதாகச் சொன்னார்.